ரோட்டு மேட்டில் பச்சை பிடிப்பது எப்படி?

மலைநாட்டில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ரோட்டின் ஒரு பக்கம் வெட்டிய மண்மேடு, மறுபக்கம் சரிவு. மலையை வெட்டாமல் இங்கே ரோட்டுப் போட முடியாது. பெக்கோ மெசின் வந்து வெட்டிவிட்டுப் போனதும் மேடு மொட்டையாக, செம்மண்ணாக நிற்கும். ஒரு மழை பெய்தால் கான் நிறைய மண். ஆனால் சில வருசங்களில் யாரும் நடாமல், உரம் போடாமல் அதே மேடு பச்சை பிடித்துவிடுகிறது. இது எப்படி நடக்கிறது என்பதை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஏனென்றால் பல இடங்களில் நமது லயங்கள் அந்த மேட்டுக்கு மேலேயோ கீழேயோதான் இருக்கின்றன.

உக்கிய இலை, விதை, வேர்த்துண்டு, மண்புழு எல்லாம் இருப்பது மேல்மண்ணில். ரோட்டு வெட்டும்போது அது போய், உள்ளே கிடந்த செம்மண்ணும் சரளையும் வெளியே வருகின்றன. அதில் விதையும் இல்லை, சத்தும் மிகக் குறைவு. மேடு செங்குத்தாக இருந்தால் காற்றில் வந்து விழும் விதையும் முளைக்கும் முன்பே மழையில் கழுவுப்பட்டுப் போகும். கீழ்ப்பக்கச் சரிவின் கதை வேறு. வெட்டிய மண்ணை அங்கேதான் தள்ளுவார்கள். மேல்மண்ணும் அதில் கலந்திருப்பதால் காட்டுச் சூரியகாந்தியும் புல்லும் சீக்கிரமே ஆளுயரம் வந்துவிடும். ஆனாலும் அது இறுகாத மண். அந்தப் பச்சையை நம்பி அங்கே கொட்டில் போடக் கூடாது.

மேட்டில் முதலில் வருவது பாசி. தண்ணி கசிகிற இடத்தில் மெல்லிய தோல் மாதிரிப் படரும். நாம் அதை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. ஆனால் மழைத்துளி நேராக மண்ணை அடிக்காமல் தடுப்பதும், அடுத்து வரும் விதைக்கு ஒட்டிக்கொள்ள இடம் கொடுப்பதும் அந்தப் பாசிதான். அடுத்தது பன்னம். இதற்கு விதை கிடையாது. தூசி மாதிரியான வித்துகள் காற்றிலே வரும். சிங்களத்தில் ‘கெகில்ல’ என்று சொல்கிற, கம்பி போன்ற தண்டும் இரண்டு இரண்டாகப் பிரியும் ஓலையும் உள்ள பன்னத்தைப் பார்க்காதவர் நம்மில் இருக்க மாட்டார்கள். சத்தில்லாத புளிப்பு மண்ணும் நல்ல வெயிலும் இருந்தால் அதற்குப் போதும். அதன் கிழங்குத் தண்டு மண்ணின் மேல்மட்டத்தில் ஓடி ஓடி, மேடு முழுவதையும் பாய் விரித்த மாதிரி மூடிவிடும். ஒரு குறையும் உண்டு. காய்ந்த காலத்தில் ஒரு பீடித்துண்டு போதும், பாய் முழுவதும் எரிந்து மேடு திரும்பவும் மொட்டையாகிவிடும்.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை மழை நனைக்கும் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் பாசியும் பன்னமும் முந்தும். அதே மாதங்களில் காய்ந்த காற்று அடிக்கும் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் மானாப்புல்லும் இலுக்கும்தான் முந்தும். இந்தப் புல்லு பெரும்பாலும் மேட்டின் உச்சியிலிருந்துதான் கீழே இறங்குகிறது. ஆகவே உச்சியில் இருக்கும் புல்லை விட்டுவைப்பது முக்கியம். மண் கொஞ்சம் நின்ற பிறகு கொண்டைக்குருவி போன்றவை பழம் தின்று எச்சம் போட, உண்ணிச்செடி முதலான பற்றைகள் வரும்.

இப்படி வருசக்கணக்காக வந்ததை ஒரே நாளில் இல்லாமல் செய்வது சுரண்டிதான். திருவிழா வருகிறது, பெரியவர்கள் வருகிறார்கள் என்று ரோட்டைத் துப்புரவு செய்யும்போது மேட்டையும் அடியோடு சுரண்டிவிடுகிறோம். பார்வைக்கு அழகாக இருக்கும், அடுத்த மழைக்கு மண் கானில் கிடக்கும். புல்லும் பன்னமும் ரோட்டை மறைத்தால் கத்தியால் நான்கு அங்குலம் விட்டு வெட்டினால் போதும், வேரைப் பிடுங்க வேண்டியதில்லை. அதைவிட மோசமானது, குசினியைக் கொஞ்சம் பெரிதாக்கலாம் என்று காம்பராவின் பின்பக்க மேட்டின் அடியை வெட்டுவது. இடநெருக்கடி எங்களுக்கும் தெரியும். ஆனால் அடியை வெட்டிய மேட்டை எந்தப் புல்லும் தாங்காது.

பச்சை வராத மேட்டில் மழை தொடங்கும் காலம் பார்த்து மானாப்புல்லையோ வெட்டிவேரையோ சரிவுக்குக் குறுக்காக வரிசை வரிசையாக, நெருக்கமாக நடலாம். வெட்டிவேர் பல அடி ஆழத்துக்கு நேராக இறங்கும், ஆனால் நிழலில் சரிவராது. மேட்டுக்கு மேலே கான் ஒன்று வெட்டித் தண்ணியைப் பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். உடைந்த பீலித் தண்ணியும் மரக்கறிப் பாத்தித் தண்ணியும் மேட்டுக்குள் இறங்கினால் நட்டதெல்லாம் வீண். உச்சி ஓரத்தில் பெரிய மரம் வேண்டாம். காற்றில் அது ஆட ஆட மண் இளகும்.

இத்தனையும் மேல்மண் அரிப்பதையும் சின்னச் சரிவுகளையும்தான் தடுக்கும். வேர் போகாத ஆழத்தில் மலையே நகரும்போது பச்சையால் பிடிக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடியது அப்படிப்பட்ட பெரிய மண்சரிவு. மேட்டின் உச்சியிலோ வீட்டுச் சுவரிலோ புது வெடிப்பு, சாயும் மரம், ஊற்றில் திடீரென்று சேற்றுத் தண்ணி அல்லது ஊற்று நின்றுபோவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே தோட்ட அலுவலகத்துக்கும் கிராம சேவகருக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மழையை நீங்களே அளக்கலாம். நேரான பக்கம் உள்ள, வாய் முழுவதும் திறந்த ஒரு வெற்று டின்னை மரமும் கூரையும் மறைக்காத வெளியில் வையுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது டின்னில் 3 அங்குலம் சேர்ந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர், 4 அங்குலம் என்றால் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு புறப்படத் தயாராக வேண்டும். 6 அங்குலம் வந்தாலோ, ஒரே மணித்தியாலத்தில் 3 அங்குலம் வந்தாலோ, சரிவுள்ள இடத்தில் இருப்பவர்கள் சாமான் சட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் வெளியேறிவிட வேண்டும்.