அஞ்சு உயிரும் ஒரே வார்த்தையில்!

கேண்டீன்ல சொன்ன டீ வர்றதுக்குள்ள ஒரு சின்ன டெஸ்ட் வெச்சுக்கலாமா? பேனாவை எடுங்க. 'எஜுகேஷன்' என்ற வார்த்தையை இங்கிலீஷில் எழுதுங்க. அதிலுள்ள உயிரெழுத்துகளை மட்டும் வட்டம் போடுங்க. இ, யூ, ஏ, ஐ, ஓ... அட, அஞ்சும் ஆஜர்! அதுவும் ஆளுக்கு ஒரே ஒரு தடவை.

இத்தனை வருஷமா நோட்டு அட்டையிலும் சர்ட்டிஃபிகேட்டிலும் பார்த்த வார்த்தைதான். ஆனா, இதைக் கவனிச்சிருக்க மாட்டோம். இந்தக் குடும்பம் பெரிசு. கணக்கில் 'ஈக்வேஷன்', மார்க்கெட்டில் 'காலிஃப்ளவர்', ஆஸ்பத்திரியில் 'நிமோனியா'... எழுதிப் பாருங்க, எல்லாத்திலும் அதே அஞ்சு பேர்.

இன்னும் கொஞ்சம் ஆழமாப் போவோம். இந்த அஞ்சும் ஏ, இ, ஐ, ஓ, யூ என்று வரிசை மாறாமல் வர்ற வார்த்தை இருக்கா? இருக்கு! 'ஃபெசீஷியஸ்'. எஃப்-ஏ-சி-இ-டி-ஐ-ஓ-யூ-எஸ். சீரியஸான நேரத்தில் பொருத்தமில்லாமல் ஜோக் அடிப்பது என்று அர்த்தம். நம்ம அரியர் லிஸ்ட்டைப் பார்த்து அப்பா தலையில் கைவெச்சு உட்கார்ந்திருக்கும்போது, "அடுத்த வருஷமும் இதே புக்தான்பா, காசு மிச்சம்"னு சொல்றோமே, அதேதான்! கூடவே 'எல்-ஒய்' சேர்த்து 'ஃபெசீஷியஸ்லி' ஆக்கினால், அரை உயிரான 'ஒய்'யும் கடைசியில் வந்து ஒட்டிக்கும்.

இதன் அண்ணன் 'அப்ஸ்டீமியஸ்'. ஏ-பி-எஸ்-டி-இ-எம்-ஐ-ஓ-யூ-எஸ். சாப்பாடு, குடி இரண்டிலும் அளவோடு இருப்பவர். லத்தீனில் 'அப்' என்றால் விலகி. 'டெமேட்டம்' என்றால் போதை தரும் பானம். ரெண்டையும் சேர்த்தால் அர்த்தம் தானா வந்துடுது.

சரி, ரிவர்ஸ் கியர் போடுவோமா? யூ, ஓ, ஐ, இ, ஏ என்று தலைகீழாக வரும் 15 எழுத்து வார்த்தை, 'அன்காம்ப்ளிமென்டரி'. மிரளாதீங்க. நடுவில் ஒளிஞ்சிருப்பது நமக்குத் தெரிஞ்ச 'காம்ப்ளிமென்ட்'தான், அதாவது பாராட்டு. முன்னாடி 'அன்' சேர்ந்ததும் பாராட்டு காலி! இன்னொரு தலைகீழ் பார்ட்டி 'சப்கான்டினென்டல்'. 'சப்' துணை, 'கான்டினென்ட்' கண்டம். துணைக்கண்டத்தைச் சேர்ந்த... அதாவது நாமேதான்!

'பாண்டமோனியம்' தெரியுமா? வாத்தியார் வராத பீரியடில் நம்ம கிளாஸ் இருக்குமே, அந்தக் கூச்சல் குழப்பம். 1667-ல் வெளியான 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில் ஜான் மில்டன் நரகத்தின் தலைநகருக்கு வைத்த பெயர் இது. கிரேக்கத்தில் 'பான்' என்றால் எல்லாம். 'டெமோனியம்' பேய் சமாசாரம். அத்தனை பேயும் கூடுற இடம்! 2020-ல் உலகத்தையே வீட்டுக்குள் அடைத்த 'பாண்டமிக்'கிலும் அதே 'பான்'தான். அங்கே கூட வருவது 'டெமாஸ்', மக்கள்.

இப்ப ஒரு விஷயம் பிடிபட்டிருக்குமே? ஸ்கூலில் தமிழ் பரீட்சையில் 'பிரித்து எழுதுக'னு வரும். நாமும் பிரிச்சு மேய்ஞ்சு மார்க் வாங்கினோம். அதே வித்தைதான் இங்கேயும்! குரூப் டிஸ்கஷனில் எதிரில் இருக்கிறவர் ஒரு நீள வார்த்தையைத் தூக்கிப் போட்டதும், நம்மில் எத்தனை பேர் பேச வந்ததை அப்படியே முழுங்கியிருக்கோம்? விஷயம் தெரியும். வார்த்தை பயமுறுத்திடுச்சு. அவ்வளவுதான்.

அந்தப் பயத்துக்கு ஒரு முழுசான பரீட்சை வைப்போம். 45 எழுத்து! 'நிமோனோ-அல்ட்ரா-மைக்ரோஸ்கோபிக்-சிலிகோ-வல்கேனோ-கோனியோசிஸ்'. பிரித்து எழுதுக: நுரையீரல், மிக, நுண்ணிய, சிலிகா, எரிமலை, தூசியால் வரும் நோய். எரிமலையின் மிக நுண்ணிய சிலிகா தூசியைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய். முடிஞ்சுது! 1935-ல் அமெரிக்காவின் 'நேஷனல் பஸ்லர்ஸ் லீக்' என்ற புதிர்ப் பிரியர்கள் சங்கத்தின் தலைவர், நீளமா இருக்கணும்னே உருவாக்கிய வார்த்தை இது. கல்குவாரித் தொழிலாளர்களின் நுரையீரலை அரிக்கும் நிஜ நோய்க்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் ரொம்பச் சின்னது: 'சிலிகோசிஸ்'. வார்த்தையின் நீளத்துக்கும் விஷயத்தின் கனத்துக்கும் சம்பந்தமே இல்லை, பார்த்தீங்களா?

கடைசியாக, ஏழே எழுத்தில் அஞ்சு உயிரையும் அடக்கிய 'செகோயா'. கலிஃபோர்னியாவில் 100 மீட்டரையும் தாண்டி வளரும் மரம். செகோயா என்ற செரோக்கி பழங்குடி மனிதரின் நினைவாக வைத்த பெயர் என்று நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். அவருக்கு இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரியாது. 'அவங்க பேச்சைக் காகிதத்தில் பிடிக்கிறாங்கன்னா, நம்ம மொழிக்கு ஏன் முடியாது?' என்று இறங்கினார். தன் மொழியின் ஒலிகளைப் பிரித்துப் பிரித்து 80-க்கும் மேற்பட்ட எழுத்துகளை உருவாக்கி 1821-ல் முடித்தார். 1828-ல் அந்த எழுத்தில் பத்திரிகையே அச்சாச்சு!

ஒரு மொழிக்கே எழுத்து கண்டுபிடிக்க முடியும்னா, நம்மால் ஒரு வார்த்தையைப் பிரிக்க முடியாதா என்ன?

போறதுக்கு முன்னாடி ஒரு ஹோம் ஒர்க்: 'பிஹேவியர்'. பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கில் எழுதினால் அஞ்சு உயிரும் இருக்கும். அமெரிக்க ஸ்பெல்லிங்கில் ஒரு உயிர் போயிடும். எந்த உயிர்? கண்டுபிடிச்சு வைங்க. அதோ, டீ வந்தாச்சு!