உங்களுக்குத் தெரியுமா? அலையை எண்ணாத அலைக் கணிப்பு

கடல் அலைகளை முன்கூட்டிச் சொல்லும் கணினி மாதிரிகள் ஒரே ஒரு அலையைக்கூடத் தனியாகக் கணக்கிடுவதில்லை!

• கடலைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்தத் திசையில், எந்த அலைவுக் காலத்தில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்றே அவை பார்க்கின்றன. காற்று தருவது வரவு. நுரைத்து உடைவதில் போவது செலவு. கடினமானது மூன்றாவது: அலைகள் நான்கு நான்காகச் சேர்ந்து தமக்குள் ஆற்றலைக் கைமாற்றிக்கொள்வது. 1962இல் இதற்குக் கணிதம் வகுத்தவர் ஜெர்மானியர் கிளாஸ் ஹாசல்மன். பின்னாளில், 2021இல், காலநிலை ஆய்வுக்காக இயற்பியல் நோபல் பெற்றவர். முழுக் கணக்குக்கு நேரம் மிக அதிகம் பிடிக்கும். அதனால் அன்றாடக் கணிப்பில் பெரும்பாலும் தோராய முறைதான்.

• ‘அலை உயரம் 3 மீட்டர்’ என்றால் அது உச்சம் அல்ல. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. இடையே 6 மீட்டரை நெருங்கும் அலையும் வரலாம். படகில் போகிறவர்கள் அவசியம் அறிய வேண்டியது இது.

• 15 விநாடிக்கு ஒன்றாக வரும் நெடிய அலைகளின் ஆற்றல் ஆழ்கடலில் நாளுக்கு ஏறக்குறைய 1,000 கி.மீ. கடக்கும். தென் இந்தியப் பெருங்கடல் புயல்களில் பிறந்தவை, சில நாள் கழித்து, உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் கேரள, குமரிக் கரைகளில் ஏறுகின்றன. மீனவர் வைத்த பெயர் ‘கள்ளக்கடல்’. ஐதராபாத்தின் கடல் தகவல் சேவை நிறுவனமான இன்காய்ஸ் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது.

• இரண்டாம் உலகப் போரில், 1944இல், நேச நாட்டுப் படைகளின் நார்மண்டித் தரையிறக்கத்துக்கு அலை கணித்தபோது கணினி இல்லை. கடலியலாளர்கள் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் வகுத்த முறையே துணை.