தகடு மடிக்கும் கருவி

உங்கள் வீட்டு இரும்பு பீரோவின் கதவைத் திறந்து, அதன் ஓரத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். விரலைக் கிழிக்காது. தகட்டின் விளிம்பை உட்புறமாக மடித்து வைத்திருக்கிறார்கள். அந்த மடிப்பு இல்லையேல் கதவின் ஓரம் கத்தியாகவே இருந்திருக்கும். கதவும் தட்டினால் கடகடவென்று ஆடியிருக்கும். ஒரு தாளை நிமிர்த்தி வையுங்கள், நிற்காது. அதையே நடுவில் ஒரு முறை மடித்து வையுங்கள், நிற்கும். மெல்லிய பொருளுக்கு வலிமை தருவது மடிப்புதான்.

இந்த மடிப்பை யார், எப்படிப் போடுகிறார்கள் என்று நானும் வெகுகாலம் எண்ணிப் பார்த்ததில்லை. இலக்கியம் படித்துவிட்டு மதரஸாவில் பாடம் சொல்லும் எனக்கு இரும்போடு என்ன உறவு? எங்களிடம் ஓதிய மாணவர் ஒருவர், பின்னர் ஐ.டி.ஐ.யில் தகட்டு வேலை படித்து, இராயப்பேட்டைச் சந்து ஒன்றில் தம் தம்பியுடன் சிறு பட்டறை வைத்தார். தியாகராய நகர்க் கடைகளுக்குத் தகரத் தட்டுகள், மயிலாப்பூரின் பழைய ஓட்டு வீடுகளுக்குக் கூரையோரத்து மழைநீர்க் கால்வாய்கள், உணவகங்களுக்குப் புகைபோக்கிக் கூண்டுகள் என்று வேலைகள் வந்தன. 2003 ஆம் ஆண்டில் மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியதிலிருந்து கூரைநீரை வீணாக்காமல் தொட்டிக்குக் கொண்டுசெல்லும் அக்கால்வாய்களுக்குத் தேவையும் கூடியது.

மடிக்கும் முறை மட்டும் பழையதாகவே இருந்தது. இரண்டு எல் ஆங்கிள்களுக்கு நடுவே தகட்டைக் கவ்வவைத்து, கொட்டாப்புளியாலும் சுத்தியலாலும் முனைக்கு முனை அடித்து மடிக்க வேண்டும். ஓர் அடி நீள மடிப்புக்கு எத்தனை அடிகள் விழுகின்றன என்று ஒருநாள் எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அவ்வளவு அடித்தும் மடிப்பு நேராக வராது. அம்மைத் தழும்பு போல் குழிகள் விழும். தம்பியின் இடக்கைப் பெருவிரல் நகம் இருமுறை கறுத்து உதிர்ந்துவிட்டது. அடுத்த சுவருக்கு அப்பால் நோயாளியான மூதாட்டி ஒருவர் இருந்தார். "ஓசை நிற்கவில்லையென்றால் இடத்தைக் காலி செய்துவிடுங்கள்" என்று வீட்டுக்காரர் கெடு வைத்துவிட்டார். அவர்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி வாரம் தவறாமல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன் நான்.

மின்விசையில் ஓடும் பெரிய மடிப்பு இயந்திரம் வாங்கலாமே என்பீர்கள். அதன் விலை இருக்கட்டும். அதற்கு வேண்டிய மும்முனை மின்சாரம் அந்தச் சந்து வீட்டில் இல்லை. கிண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் கொண்டுபோய்க் கூலிக்கு மடித்து வாங்கினால், வண்டிச் சத்தமும் மடிப்புக் கூலியும் போக மிஞ்சுவது சொற்பம். எனவே கையால் இயக்கும் கருவியைத் தாமே செய்வதென்று சகோதரர் இருவரும் முடிவு செய்தனர். அதற்கு மின்சாரம் வேண்டாம், ஓசையும் எழுப்பாது.

சென்னைக்குத் தகட்டு வேலை புதிதன்று. 1850 இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியில், 1898 ஆம் ஆண்டு ஆல்பிரெட் சாட்டர்டன் என்னும் பொறியியல் பேராசிரியர் அலுமினியத் தகட்டில் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். பித்தளைக்கும் செம்புக்கும் பழகிய நம் கைவினைஞர்களே அந்தப் புது உலோகத்தையும் வசப்படுத்தினார்கள். இன்று உஸ்மான் சாலைப் பாத்திரக் கடைகளில் அடுக்கடுக்காய் மின்னுகின்ற பாத்திரங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கைகளே நினைவுக்கு வருகின்றன. (அச்சாலையின் பெயர், 1934 இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த சர் முகம்மது உஸ்மான் அவர்களுடையது என்பதைச் சாமான் வாங்கச் செல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?)

இனிக் கருவிக்கு வருவோம். அதில் முக்கிய உறுப்புகள் மூன்றே. தகடு கிடக்கும் படுக்கை ஒன்று. தகட்டை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் தாடை ஒன்று. முன்புறம் கீலில் தொங்கி, கைப்பிடியைத் தூக்கினால் மேலெழுந்து தகட்டை மடிக்கும் பலகை ஒன்று. வீட்டுக் கதவைப் படுக்கவைத்து இயக்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

எளிதாகத் தோன்றும் இதில் நுட்பம் கீலில் இருக்கிறது. கீலின் ஊசியினது மையக்கோடு, படுக்கையின் மேல்விளிம்புக் கோட்டோடு ஒன்றிப்போக வேண்டும். கடையில் வாங்கிய கீலை அப்படியே அடியில் வைத்துப் பற்றவைத்தால் மையம் கீழிறங்கிவிடும். பலகை எழும்போது தகட்டை உராய்ந்து இழுக்கும். அதனால் ஆங்கிளின் மூலையில் ஒரு பள்ளம் வெட்டி, கீலின் உருளையை அதற்குள் புதைக்கிறார்கள். மேல்தாடையும் விளிம்பை ஒட்டியே இருக்கலாகாது. குறைந்தது தகட்டின் தடிமன் அளவுக்கேனும் பின்னுக்குத் தள்ளியிருக்க வேண்டும். இல்லையேல் மடிப்பில் தகடு நசுங்கும், கருவியும் திணறும்.

எவ்வளவு விசை வேண்டும்? ஒரு மீட்டர் நீளமும் 1 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள சாதாரண இரும்புத் தகட்டை மடிக்க, 60 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் ஏறத்தாழ 11 கிலோ எடைக்கு ஈடான விசை போதும் என்கிறது கணக்கு. உராய்வையும், மடியும்போது இரும்பு இறுகுவதையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். ஒருவர் கைக்கு அடங்கியதே. ஆனால் தடிமன் இரட்டித்தால் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. 2 மில்லிமீட்டர் தகட்டுக்கு 44 கிலோ! ஆகவே எந்தக் கேஜ் வரை மடிக்கப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துவிட வேண்டும். இவர்கள் 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டரைத் தம் எல்லையாக வைத்துக்கொண்டார்கள். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதைப் பட்டறைக்குப் புதியவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். 22 கேஜ் என்பது 0.7 மில்லிமீட்டர்தான்.

புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளில் ஆங்கிளும் சேனலும் தேடி வாங்கினார்கள். ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் நூலை இழுத்துப் பிடித்து, வளைவு இருந்தால் ஒதுக்கிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் முதல் மடிப்பைப் பார்க்க என்னையும் அழைத்தார்கள். கைப்பிடி எழுந்தது, தகடு மடிந்தது, ஓசையே இல்லை. தகட்டை எடுத்து மூலைமட்டம் வைத்துப் பார்த்தபோது மாணவரின் முகம் வாடிவிட்டது. இரு முனைகளிலும் சரியான 90 பாகை; நடுவிலோ வாய் திறந்து கிடந்தது.

"இரும்பு ஏமாற்றிவிட்டது ஹஜ்ரத்" என்றார்.

இரும்பு ஏமாற்றவில்லை. முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட பலகை, தகட்டின் எதிர்ப்பால் நடுவில் தொய்ந்திருக்கிறது. தரமணியில் டிப்ளமோ படிக்கும் அவருடைய நண்பர் வந்து இதை விளக்கினார். அங்குள்ள மத்திய பலதொழிற்கல்லூரி 1916 இல் ஒரு தொழிற்பள்ளியாகத் தொடங்கியது. இறுதியாண்டில் ஒரு கருவியைத் தாமே வடிவமைத்துச் செய்யும் டிப்ளமோ மாணவர்கள் இத்தகைய மடிப்புக் கருவியைத் தேர்வது வழக்கம். அந்த இளைஞர் சொன்ன கணக்கு என்னை வியப்பில் ஆழ்த்தியது. ஒவ்வோர் அங்குலத்திலும் அதே சுமை இருக்க, பலகையின் நீளத்தை மட்டும் இரட்டித்தால் தொய்வு 16 மடங்காகும்; பலகையின் ஆழத்தை இரட்டித்தாலோ தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். கனமான இரும்பைத் தேடுவதைவிட ஆழமான இரும்பைத் தேடுவதே அறிவுடைமை. பலகையின் முன்புறத்தில், நடுவில் ஒரு குத்துக்கட்டை நட்டு, முனைக்கு முனை ஒரு கம்பியை வில்லின் நாண் போல் இழுத்துப் பற்றவைத்தார்கள். மேல்தாடையின் நடுவிலும் மெல்லிய தகட்டுத் துண்டு ஒன்றைச் செருகி, முனைகளை இறுக்கும்போது நடுவும் அழுந்துமாறு செய்தார்கள். இம்முறை பற்றவைக்கும்போது ஒரே மூச்சில் ஓட்டாமல், இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளி என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். சூடு ஒரே பக்கம் சேர்ந்தால் நேரான ஆங்கிளும் வளைந்துவிடும்.

அடுத்த தொல்லை அளவில் வந்தது. அடி 300 மில்லிமீட்டர், இருபுறச் சுவர்கள் 50 மில்லிமீட்டர் கொண்ட தட்டுக்கு 400 மில்லிமீட்டர் தகடு வெட்டினார்கள், சுவர்கள் உயர்ந்துபோயின. மடியும்போது தகட்டின் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் குறுகுகிறது, நடுவே ஓர் அடுக்கு மட்டும் நீளம் மாறாமல் இருக்கிறது. அந்த அடுக்கின் நீளத்தைத்தான் வெட்ட வேண்டும். 1 மில்லிமீட்டர் தகட்டில் அதற்கு ஏறத்தாழ 396½ போதும். ஒரு தட்டுக்கு மூன்றரை மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். மூடி பொருந்தாமல் கடைக்காரர் திருப்பி அனுப்பும்போது அதன் அருமை விளங்கும். மேலும், கையை விட்டதும் தகடு சிறிது பின்வாங்கும். 90 பாகை வேண்டுமானால் 92, 93 வரை மடித்து விட வேண்டும். எவர்சில்வர் இன்னும் பிடிவாதமானது.

இவற்றையெல்லாம் அவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1206 இல் தம் நூலை முடித்த அல்ஜஸரி, ஐம்பது கருவிகளை வரைந்து காட்டியதோடு நில்லாமல், இன்னொருவர் செய்யத்தக்க விதத்தில் செய்முறையையும் எழுதினார். நம் பட்டறைகளிலோ அறிந்தவர் பலர் அதைத் தம்மோடு கொண்டுபோய்விடுகின்றனர்.

ஓசை நின்று சில வாரங்கள் கழித்து, வீட்டுக்காரர் தாமாகவே வந்து கருவியைப் பார்த்துவிட்டு, கெடுவைப் பற்றி எதுவும் பேசாமல் போனாராம். தம்பிக்குப் புது நகம் பாதி வளர்ந்திருக்கிறது. கருவியிலும் கைகள் கவனமாக இருக்க வேண்டும்: தாடையை இறக்குபவரும் கைப்பிடியைத் தூக்குபவரும் ஒருவராகவே இருத்தல் நலம், இருவரானால் ஒருவர் குரல் கொடுக்காமல் மற்றவர் அசைக்கக்கூடாது.

ஒரு குறை மட்டும் எஞ்சியிருந்தது. தட்டின் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டை மடித்த பின், மற்ற இரண்டை மடிக்கப் போனால், நிமிர்ந்து நிற்கும் சுவர்கள் நீண்ட மேல்தாடையில் முட்டிக்கொள்ளும். நான் சென்ற வாரம் போயிருந்தபோது, அண்ணன் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக் கொடுக்க, தம்பி இன்னொரு மேல்தாடையை வெவ்வேறு அகலமுள்ள ஆறு துண்டுகளாக அறுத்துக்கொண்டிருந்தார்.