பிச்சாவரம் அலையாத்திக் காடு மீட்புப் பணி

பிச்சாவரம் அலையாத்திக் காடு கடலூர் மாவட்டத்தில் சிதம்பரம் அருகே, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகியவற்றின் கழிமுகங்களுக்கு இடையே அமைந்துள்ளது. 2022இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது.

முற்காலத்தில் இங்கு மரங்கள் பகுதி பகுதியாக அடியோடு வெட்டப்பட்டன. நிழலிழந்த சேற்றுநிலம் காய்ந்து தாழ்ந்தது. அங்கே தேங்கிய கடல்நீர் ஆவியானதால் உப்பு மிகுந்து, புதிய கன்றுகள் வளரவில்லை.

1990களில் வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளூர் மக்களுடன் இணைந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டின. ஓதநீர் வந்துபோனதால் உப்பு குறைந்தது. வாய்க்கால் ஓரங்களில் நட்ட கன்றுகள் வளர்ந்தன. 2004 ஆழிப்பேரலையின்போது காட்டிற்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது.

வாய்க்கால்கள் வண்டலால் தூர்ந்தால் உப்பு மீண்டும் ஏறும். எனவே இங்கு தன்னார்வப் பணி கன்று நடுவதோடு முடிவதில்லை. வாய்க்கால்களைத் தூர்வாரிக் காப்பதும் தொடர்ந்து செய்ய வேண்டிய பணியாகும்.