படுத்திருக்கும் எஞ்சின்

தேங்காய்ப்பட்டணம் பக்கம் போனால் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். குழித்துறை ஆறு கடலோடு சேரும் இடத்துக்கு அருகே, அலையில்லாத தண்ணீரில் ஒரு சின்ன வள்ளம் மிதக்கட்டும். பெரியவர் ஒருவர் துணைக்கு இருக்கட்டும். நீங்கள் வள்ளத்தின் நடுவில் நின்று முன்பக்கம் நாலடி நடந்தால், வள்ளம் பின்பக்கம் நகரும். இப்போது உங்கள் எடையே உள்ள நண்பன் ஒருவனையும் ஏற்றிக்கொள்ளுங்கள். இருவரும் நடுவில் முதுகோடு முதுகு ஒட்டி நின்று, ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் நீங்கள் முன்னும் அவன் பின்னும் நடங்கள். வள்ளம் அசையாது. உங்கள் கால் கொடுத்த தள்ளும் அவன் கால் கொடுத்த தள்ளும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டன.

இந்த வள்ளத்துக்கும் காருக்கும் என்ன தொடர்பு? மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே ஐந்து நிமிடம் நின்றால் நூற்றுக்கணக்கான எஞ்சின்கள் உங்களைக் கடந்து போகும். அவற்றில் கார் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் சிலிண்டர்கள் நேராக நிமிர்ந்து, வகுப்பில் மாணவர்கள் வரிசையில் நிற்பதுபோல நிற்கும். ஆனால் சிலிண்டர்களைப் பக்கத்துக்கு இரண்டாகக் கிடையாகப் படுக்க வைத்த எஞ்சின் குடும்பம் ஒன்று உண்டு. நடுவில் கிராங்க் தண்டு. வலப்புறம் இரண்டு சிலிண்டர், இடப்புறம் இரண்டு சிலிண்டர். எதிரெதிர் பிஸ்டன்கள் ஒன்றாக வெளியே போய் ஒன்றாக உள்ளே வரும். குத்துச்சண்டை வீரன் தன் இரு கையுறைகளையும் மோதிக்கொள்வதுபோல் இருப்பதால் இதைப் பாக்ஸர் எஞ்சின் என்கிறார்கள். வள்ளத்தில் நின்ற நீங்களும் உங்கள் நண்பனும்தான் அந்தப் பிஸ்டன்கள்.

நிமிர்ந்து நிற்கும் நான்கு சிலிண்டர் எஞ்சினிலும் இரண்டு பிஸ்டன்கள் மேலே போகும்போது இரண்டு கீழே வருகின்றனவே, அதுவும் சமம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. விடை கனெக்டிங் ராடில் இருக்கிறது. கிராங்க் கால் சுற்றுச் சுற்றும்போது பிஸ்டன் மேலிருந்து பாதி தூரம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் ராடு சாய்ந்துவிடுவதால் அது பாதிக்கும் சற்று அதிகமாகவே இறங்கிவிடுகிறது. அதாவது மேல் பாதியைப் பிஸ்டன் வேகமாகவும் கீழ்ப் பாதியை மெதுவாகவும் கடக்கிறது. ஆகவே மேலே உள்ள இரண்டும் கீழே உள்ள இரண்டும் சரிக்குச் சரியாக ஈடுகட்டுவதில்லை. மிச்சமாகும் விசை ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை எஞ்சினை மேலும் கீழும் உலுக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால், வினாடிக்கு 100 உலுக்கல்! இந்த உலுக்கலை உங்கள் இருக்கைவரை வரவிடாமல் தடுப்பது எஞ்சினுக்கு அடியில் வைத்திருக்கும் ரப்பர் தாங்கிகள். குலசேகரம் பக்கத்து மரங்களில் வடியும் பாலுக்கு டயரைத் தவிர இப்படியும் ஒரு வேலை உண்டு.

படுத்திருக்கும் எஞ்சினில் ராடு சாய்வதால் வரும் கோளாறு இரு பக்கமும் ஒரே அளவில், எதிரெதிர்த் திசையில் வருகிறது. எனவே அது அங்கேயே தீர்ந்துபோகிறது. எதிரெதிர் சிலிண்டர்கள் ஒரே கோட்டில் இல்லாமல் சற்றே முன்பின்னாக இருப்பதால் ஒரு சிறு முறுக்கல் மட்டும் மிஞ்சும். அது பெரிய தொல்லை இல்லை.

இந்த யோசனை பழையது. ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எதிரெதிர் சிலிண்டர் இரண்டு கொண்ட எஞ்சினைச் செய்தார். செக் நாட்டு டாட்ரா நிறுவனத்தில் ஹான்ஸ் லெட்விங்கா காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் கிடை எஞ்சின்களை 1930களில் கார்களில் வைத்தார். ஆனால் இதை உலகம் முழுவதும் கொண்டுபோனது வண்டு வடிவக் கார் ஒன்று, ஃபோக்ஸ்வாகன் பீட்டில்.

அதன் பிறப்பு அவ்வளவு பெருமைக்குரியதல்ல. ஹிட்லரின் ஆட்சியில், 990 மார்க் விலைக்கு மக்கள் கார் என்ற அரசியல் வாக்குறுதியிலிருந்து பிறந்தது அது. வடிவமைக்கும் ஒப்பந்தம் 1934 ஜூனில் ஃபெர்டினாண்ட் போர்ஷேயிடம் வந்தது. சேமிப்பு வில்லைகள் வாங்கி ஒட்டிய லட்சக்கணக்கான மக்களில் ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை, போர் வந்துவிட்டது. தொழிற்சாலையில் கட்டாய உழைப்பாளிகள் வதைபட்டார்கள். எஞ்சினைப் பற்றிப் படிக்கும்போது இதையும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

விலையைக் குறைக்க போர்ஷேயின் குழு முதலில் இரண்டு சிலிண்டர் எஞ்சின்களைத்தான் முயன்றது. அவை தாக்குப்பிடிக்கவில்லை. அப்போது அக்குழுவில் இருந்த ஃபிரான்ஸ் ரைம்ஷ்பீஸ் என்ற ஆஸ்திரிய இளைஞர் நான்கு சிலிண்டர் கிடை எஞ்சின் ஒன்றை வரைந்து கொடுத்தார். 1936இல் மூன்று மாதிரிக் கார்களைத் தலைக்கு 50,000 கிலோமீட்டர் ஓட்டிச் சோதித்தார்கள். வார்ப்பில் செய்த கிராங்க் தண்டுகள் உடைந்தன. இரும்பைக் காய்ச்சி அடித்து உருவாக்கிய தண்டுகள் வந்தன. தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் இல்லை. ஜெர்மானியக் குளிரில் தண்ணீர் உறைந்தால் விரிந்து எஞ்சினையே பிளந்துவிடும் அல்லவா? காற்று உறையாது.

இனி இந்தக் குடும்பம் வளர்ந்த விதத்தைப் பார்ப்போம். கணக்குப் புத்தகத்தில் படித்த உருளையின் கன அளவு இங்கே பயன்படப்போகிறது. சிலிண்டரின் உள்விட்டத்தைப் பட்டறைக்காரர்கள் போர் என்பார்கள். பிஸ்டன் போய்வரும் தூரம் ஸ்ட்ரோக். முதல் எஞ்சினுக்குப் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 64 மி.மீ. ஒரு சிலிண்டரின் கன அளவைக் கண்டு நான்கால் பெருக்குங்கள், 985 சி.சி. வரும். 1943இல் ராணுவத் தேவைக்காகப் போரை 75 ஆக்கினார்கள், 1131 சி.சி. 1954இல் 77, 1192 சி.சி., 30 குதிரைத்திறன். 1961இல் ஸ்ட்ரோக்கும் 69 ஆகி, 83 மி.மீ. போருடன் 1493 சி.சி. வந்தது. 1965இல் 77 போரும் 69 ஸ்ட்ரோக்கும் சேர்ந்து 1285. அதே ஆண்டில் 85.5 மி.மீ. போருடன் 1584.

போர் 70இலிருந்து 85.5 வரை போனபோது ஸ்ட்ரோக் 5 மி.மீ. மட்டுமே கூடியிருப்பதைக் கவனித்தீர்களா? இரண்டு காரணங்கள். இந்த எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோலத் தனித்தனி. கழற்றிவிட்டு, பெரிய வாயுள்ள வேறொன்றை மாட்டலாம். ஆனால் ஸ்ட்ரோக்கைக் கூட்டினால் கிராங்க் தண்டை மாற்ற வேண்டும். அதோடு எஞ்சின் இருபுறமும் அகன்றுகொண்டே போகும். படுத்திருப்பவன் காலை நீட்டினால் பாய் போதாது. நிமிர்ந்து நிற்பவனுக்கு அந்தக் கவலை இல்லை. இந்திய அம்பாசிடர் காரில் பல ஆண்டுகள் இருந்த எஞ்சின் 1489 சி.சி. ஏறத்தாழ அதே அளவுதான், ஆனால் அதன் போர் 73, ஸ்ட்ரோக் 88.9 மி.மீ.! ஒல்லியாக உயர்ந்த எஞ்சின் அது. பருத்துக் குட்டையானது வண்டின் எஞ்சின்.

குட்டை ஸ்ட்ரோக்கில் ஒரு லாபமும் உண்டு. 1192 சி.சி. எஞ்சின் தன் முழுத்திறனை நிமிடத்துக்கு 3400 சுற்றில் தந்தது. ஒரு சுற்றுக்குப் பிஸ்டன் இரு தடவை 64 மி.மீ. கடக்கிறது. கணக்கிட்டால் சராசரி வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 7¼ மீட்டர். பிஸ்டன் வேகம் குறைந்தால் தேய்மானமும் குறையும். நாள் முழுக்க முழு வேகத்தில் ஓட்டினாலும் தளராத எஞ்சின் என்று இது பெயர் வாங்கியதற்கு இந்தச் சிறிய எண்ணும் ஒரு காரணம்.

இவ்வளவு நல்ல எஞ்சினுக்கு நோய் ஒன்றும் இருந்தது. அதுதான் மூன்றாம் சிலிண்டர்.

எஞ்சினைக் குளிர்விப்பது ஒரு விசிறி. மின்சாரம் தரும் டைனமோவின் அச்சிலேயே அது பொருத்தப்பட்டிருக்கும். இரண்டையும் சுழற்றுவது ஒரே பெல்ட். பெல்ட் அறுந்தால் மின்சாரமும் நிற்கும், விசிறியும் நிற்கும். அதனால் சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்தால் பாட்டரியைப் பற்றி யோசிக்காமல் வண்டியை உடனே ஓரம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் வெந்துபோகும். விசிறி தரும் காற்று தகட்டுக் கூட்டுக்குள் புகுந்து, சிலிண்டர்களைச் சுற்றியுள்ள மெல்லிய குளிர்த்தகடுகளின் இடையே பாயும். எஞ்சின் ஆயிலையும் குளிர்விக்க வேண்டுமே! அதற்கான ஆயில் கூலரையும் அதே கூட்டுக்குள் நிறுத்தினார்கள். நிறுத்திய இடம் மூன்றாம் சிலிண்டருக்கு நேர் மேலே.

விளைவை நீங்களே ஊகிக்கலாம். மற்ற மூன்றுக்கும் புதுக்காற்று. மூன்றாவதற்கு மட்டும் ஆயிலின் சூட்டை வாங்கிக்கொண்ட, அளவிலும் குறைந்த காற்று. அது எப்போதும் கூடுதலாகக் கொதித்தது. புகைபோக்கும் வால்வுகளில் முதலில் கருகுவது பெரும்பாலும் மூன்றாவதுடையதே. எஞ்சின் சிறிதாக இருந்தவரை இது தாங்கக்கூடியதாக இருந்தது. 30 குதிரைத்திறன் 50ஐ நோக்கிப் போகப்போக வெப்பமும் ஏறியது.

பொறியாளர்கள் முதலில் செய்தது ஒரு தந்திரம். தீப்பொறியைப் பங்கிட்டுத் தரும் டிஸ்டிரிபியூட்டரில் மூன்றாம் சிலிண்டருக்கு உரிய மேட்டை மட்டும் சற்றே மாற்றிச் செதுக்கி, அதற்குத் தீப்பொறி சில பாகை தாமதமாகக் கிடைக்கச் செய்தார்கள். பொறி தாமதித்தால் எரியும் வாயுவின் உச்ச அழுத்தமும் உச்ச வெப்பமும் குறையும். நோயாளிக்குப் பத்தியம் வைத்ததுபோலத்தான், நோய் தீரவில்லை. 1970 ஆகஸ்டில் வந்த எஞ்சினில்தான் ஆயில் கூலரையே நகர்த்தி, தனிக் கூண்டில் வைத்து, அதன் சூடான காற்று சிலிண்டரைத் தொடாமல் வெளியேற வழி செய்தார்கள். இவ்வளவு எளிய மாற்றத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது ஏன் என்று எனக்கு வியப்புதான். தாங்குகிறது என்றால் தொடாதே என்ற எண்ணம் தொழிற்சாலைகளுக்கும் உண்டு போலும்.

கடைசியில் காற்றுக்குளிர்ச்சியே அதற்கு எமனாயிற்று. புகையில் நச்சு வாயுக்கள் குறைய வேண்டுமானால் எஞ்சினின் வெப்பநிலை ஒரே சீராக இருக்க வேண்டும். தண்ணீரால் அது எளிது, காற்றால் கடினம். ஜெர்மனியில் கூரை மூடிய பீட்டில் காரின் உற்பத்தி 1978 ஜனவரியில் நின்றது. மெக்சிகோவின் புவெப்லா நகரில் 2003 ஜூலை 30 அன்று வெளிவந்த கடைசிக் காருடன் மொத்தம் 2,15,29,464.

நம் நாட்டிலும் இந்த வகை எஞ்சின் ஒலித்தது. ஆனால் சாலையில் அல்ல, வானத்தில். பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் டாக்டர் வி. எம். காட்கே தலைமையில் உருவான புஷ்பக் என்ற இருவர் விமானம் 1958 செப்டம்பர் 28இல் முதன்முதல் பறந்தது. அதன் மூக்கில் இருந்தது அமெரிக்காவின் கான்டினென்டல் சி-90, காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் கிடை எஞ்சின், 90 குதிரைத்திறன். சிறு விமானத்துக்கு இது மிகவும் பொருத்தம். எஞ்சின் தாழ்வாகப் படுத்திருப்பதால் விமானிக்கு முன்னால் பார்வை மறையாது. சிலிண்டர்கள் இருபுறமும் நீண்டு நேரே காற்றில் குளிரும். விசிறிக்கூடு வேண்டாம், ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்து நிற்பதும் குறைவு. சுமார் 160 புஷ்பக்குகள் செய்யப்பட்டு, நாடெங்கும் பறக்கும் கழகங்களில் பல இளைஞர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தன. இந்த விமானத்துக்காகவே அந்நிறுவனம் பி.ஈ.-90எச் என்ற பெயரில் அதே அமைப்பில் சொந்தமாக ஓர் எஞ்சினையும் வடிவமைத்தது.

சாலையில் இந்தக் குடும்பத்தைத் தண்ணீரால் குளிர்வித்து வாழவைத்தவர்கள் ஜப்பானியர். 1966இல் வந்த சுபாரு 1000 காரில் 977 சி.சி. எஞ்சின், முன் சக்கரங்கள் இழுத்துச்செல்லும் கார். எடை தாழ்வாக இருப்பதால் வளைவுகளில் சாயாது. குறைகளும் இல்லாமலில்லை. சிலிண்டர் தலை ஒன்றுக்கு இரண்டு; அதனால் செலவு கூடுதல். ஓரத்தில் ஒளிந்திருக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற மெக்கானிக் கைவிரல்களை வளைக்கும் பாட்டைக் கேட்கவே வேண்டாம்.

சுபாருவின் 1989ஆம் ஆண்டு எஞ்சின் குடும்பத்தில் 2 லிட்டர் எஞ்சினுக்குப் போர் 92, ஸ்ட்ரோக் 75. 2010இல் வந்த அடுத்த தலைமுறையில் அதே 2 லிட்டருக்குப் போர் 84, ஸ்ட்ரோக் 90! பருமன் போய் நெடுமை வந்துவிட்டது. போர் சிறுத்தால் எரியும் அறை ஒடுங்கி, சுவர்களில் வீணாகும் வெப்பம் குறையும், பெட்ரோல் மிச்சமாகும். ஆனால் அகலம்? பாய் அதே அளவுதானே! கனெக்டிங் ராடின் அடிவளையத்தை நேர்குறுக்காகப் பிளக்காமல் சாய்வாகப் பிளந்து, சிலிண்டர் தலைகளையும் சுருக்கி, பழைய இடத்துக்குள்ளேயே புதிய எஞ்சினை அடக்கினார்கள்.

புஷ்பக்கின் எஞ்சினுக்குப் போர் 103.2 மி.மீ., ஸ்ட்ரோக் 98.4 மி.மீ. அதன் கொள்ளளவு எத்தனை லிட்டர்? நிமிடத்துக்கு 2500 சுற்றில் அதன் பிஸ்டனின் சராசரி வேகம் என்ன? வண்டின் பிஸ்டனைவிட அது வேகமா, மெதுவா? தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.