"அம்மா, முட்டி குறுகுறுங்குது!"

என் பிள்ளை தவழ ஆரம்பித்த நாளிலிருந்தே முட்டியிலும் மார்பிலும் நீலம் நீலமாகக் கன்றிப்போகும். "குழந்தையை அடிக்கிறியா என்ன?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டே விட்டார். நடை பழகும்போது விழுந்து மேலுதட்டின் உள்பக்கம் கிழிந்தது. துளியூண்டு காயம்தான். மூன்று நாள் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. அப்புறம்தான் பரிசோதனை. 'ஹீமோஃபீலியா' என்ற பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

ரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களில் எட்டாம் நம்பர், அதாவது 'ஃபேக்டர் 8', இவனுக்கு அநேகமாக இல்லவே இல்லை. பெரும்பாலும் தாய் வழியாக மகனுக்கு வருமாம். "உங்க வீட்டுச் சொத்து" என்று மாமியார் ஒரு வார்த்தை சொன்னார். என் தாய்மாமா ஒருவர் ஏழு வயதில் பல் பிடுங்கி, ரத்தம் நிற்காமலே போய்விட்டார் என்று அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலே வருகிறது, இதில் யார் குற்றமும் இல்லை" என்று டாக்டரம்மா மாமியாரை உட்கார வைத்துச் சொன்னார். பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

வெளியே வழிகிற ரத்தம் கண்ணுக்குத் தெரியும். முட்டி, கணுக்கால், முழங்கை என்று மூட்டுக்குள்ளே கசிவதுதான் பொல்லாதது. முதல் தடவை வீங்கியபோது, சுளுக்கு என்று நினைத்து மாமியாரும் நானும் தைலத்தைச் சுடவைத்து நன்றாக நீவி விட்டோம். விடிவதற்குள் முட்டி பலாக்கொட்டை மாதிரி பளபளவென்று வீங்கிவிட்டது! சூடும் கூடாது, நீவவும் கூடாதாம். காலை அசைக்காமல், தலையணைமேல் உயர்த்தி வைத்து, ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து இருபது நிமிஷம் ஒத்தடம் கொடுத்து, ஃபேக்டர் ஊசிக்கு ஓட வேண்டும். எங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அதை இலவசமாகவே போடுகிறார்கள்.

தலையில் அடிபட்டால் மட்டும் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே ஊசி, ஸ்கேன் எல்லாம் அப்புறம். வலிக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது, பாரசிட்டமால்தான். சதையில் போடும் ஊசியும் ஆகாது. தடுப்பூசிக்குப் போனால் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்; மெல்லிய ஊசியால் போட்டு, பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். சின்னப் பையனாக இருந்தபோது பைஜாமா முட்டியில் பழைய புடவையை நாலாக மடித்து உள்ளே தைத்துவிடுவேன். கடையில் விற்கிற பட்டையைவிட அதுதான் அவனுக்குப் பிடித்தது.

இத்தனையும் கற்றுக்கொண்டும் ஒரு தப்பு செய்தேன். அவனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. காலையிலேயே, "அம்மா, முட்டி குறுகுறுங்குது" என்றான். பார்த்தேன், வீக்கமே இல்லை. "டிபன் சாப்பிடாமல் இருக்கச் சாக்கா?" என்று அதட்டிவிட்டேன். பிறகு அவன் வாயே திறக்கவில்லை. சாயங்காலம் மேடையிலிருந்து அவனைத் தூக்கித்தான் வர வேண்டியிருந்தது. வீக்கம் தெரிவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு அந்தக் குறுகுறுப்பு தெரிந்துவிடுமாம். அந்த முட்டி இன்றைக்கும் முழுசாக நீளாது.

அதற்குப் பிறகு நர்ஸம்மாவிடம் கெஞ்சி, நரம்பில் ஊசி போட நானே கற்றுக்கொண்டேன். மருந்தைக் குலுக்காமல் மெதுவாகச் சுழற்றிக் கலக்க வேண்டும். முதல் நாள் என் கை நடுங்கியதைப் பார்த்து, "மெதுவாப் போடும்மா, நான் அசைய மாட்டேன்" என்று அவன்தான் தைரியம் சொன்னான்.

இப்போது அவனுக்குப் பதினான்கு வயது. நீச்சல் போகிறான், கிரிக்கெட்டுக்கு மட்டும் ஸ்கோர் எழுதுகிறான், முணுமுணுத்துக்கொண்டே. என் கவலை இப்போது அக்காக்காரியைப் பற்றி. அவளுக்குப் பதினேழு. எனக்குப் பிறக்கும் பெண்ணுக்கும் இந்தக் குறையைச் சுமக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. மாதவிலக்கில் ரொம்பப் போகிறது என்று அவள் சொன்னதை, "வயசுப் பெண்ணுக்கு அப்படித்தான்" என்று இரண்டு வருஷமாகத் தள்ளிவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை அவளையும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன்.