டார்வின் வீட்டு வண்டு சேகரிப்பாளர்கள்

1859ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் இங்கிலாந்தின் பூச்சியியல் வார இதழ் ஒன்றில் சில வரிகளே கொண்ட ஒரு குறிப்பு வெளிவந்தது. கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்த டவுன் என்னும் சிற்றூரில் அரியவை எனக் கருதத்தக்க மூன்று வகை வண்டுகள் பிடிபட்டுள்ளன என்பதே செய்தி. (டவுன் என்பது அவ்வூரின் பெயர்; நகரம் என்ற பொருளில் வழங்கும் சொல் அன்று.) குறிப்பின் கீழே மூவர் பெயர்கள் இருந்தன: பிரான்சிஸ், லெனார்ட், ஹோரஸ் டார்வின். அவர்களுக்கு அப்போது முறையே 10, 9, 8 வயது. தாங்கள் மிகவும் சிறியவர்கள் என்பதையும் அக்குறிப்பிலேயே சொல்லியிருந்தனர்.

அவர்களுடைய தந்தை சார்லஸ் டார்வின். உலகின் சிந்தனைப் போக்கையே மாற்றிய 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் அச்சுப் படிகளை அவர் அந்த வாரங்களில் திருத்திக்கொண்டிருந்தார். நூல் அதே ஆண்டு நவம்பர் 24இல் வெளிவந்தது. நூலின் வரலாறு பலரும் அறிந்தது. வண்டுக் குறிப்பின் வரலாறு அவ்வளவாக அறியப்படாதது. தன் பொழுதுபோக்கைத் தன் சிறு பிள்ளைகள் கையில் எடுத்ததைக் கண்டு ஒரு தந்தை அடைந்த பெருமிதத்தை அது காட்டுகிறது.

தந்தையின் இளமைப் பித்து

டார்வின் 1809 பிப்ரவரி 12இல் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். கூழாங்கல், முத்திரை, நாணயம் என எதையாவது சேர்த்து வைக்கும் பழக்கம் அவருக்குச் சிறு வயதிலேயே உண்டு. பூச்சிகளைச் சேர்க்க விரும்பியபோது, சேகரிப்புக்காக உயிரைக் கொல்வது சரியா என்று தமக்கையிடம் கேட்டார். சரியன்று என்று முடிவாகவே, செத்துக் கிடந்த பூச்சிகளை மட்டும் பொறுக்கினார்.

கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் (1828–1831) இந்தத் தயக்கம் போய்விட்டது. உறவினரான வில்லியம் டார்வின் ஃபாக்ஸ் என்ற மாணவர் அவரை வண்டு சேகரிப்பில் இழுத்துவிட்டார். நம் ஊர்ப் பிள்ளைகள் பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்து இலை போட்டு வளர்ப்பதைப் போன்ற விளையாட்டு அன்று இது. பிடித்த வண்டைக் கொன்று, ஊசியில் குத்தி அட்டையில் பொருத்தி, நூல்களோடு ஒப்பிட்டுப் பெயர் கண்டறிய வேண்டும். ஒரே நிறத்தில் இருக்கும் இரு வண்டுகளைக் காலின் கணுக்களைப் பார்த்துப் பிரித்தறியும் கண் இதற்குத் தேவை. டார்வின் கூலிக்கு ஆள் வைத்துக் குளிர்காலத்தில் பழைய மரங்களின் பாசியைச் சுரண்டி எடுக்கச் செய்தார். சதுப்பு நிலத்திலிருந்து நாணல் ஏற்றி வரும் படகுகளின் அடிக் குப்பையையும் வாரச் செய்தார்.

அவருடைய தன்வரலாற்றில் வரும் நிகழ்ச்சி ஒன்று புகழ்பெற்றது. ஒரு நாள் பட்டுப்போன மரப்பட்டையை உரித்தபோது இரண்டு அரிய வண்டுகள் கிடைத்தன. கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். அந்நேரம் மூன்றாவது வகை ஒன்று ஓடியது. அதையும் விட மனமின்றி, வலக்கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டார். அது நாக்கைச் சுடும் காரமான நீரைப் பீய்ச்சியது. துப்ப வேண்டியதாயிற்று. துப்பிய வண்டும் போயிற்று, மூன்றாவதும் தப்பியது.

அவர் பிடித்த வண்டுகள் பற்றிய செய்தி ஸ்டீவன்ஸ் என்பார் வெளியிட்ட பிரித்தானியப் பூச்சியியல் நூலில் அவர் பெயரோடு 1829இல் அச்சேறியது. முதல் கவிதையை அச்சில் காணும் கவிஞனுக்குக்கூட அத்தனை மகிழ்ச்சி இருந்திராது என்று முதுமையில் அதை நினைவுகூர்ந்தார்.

ராபர்ட் டார்வின்

சார்லஸின் தந்தை ராபர்ட் டார்வின் பெயர்பெற்ற மருத்துவர். மகன் பள்ளியில் படித்தபோது வேட்டையிலும் நாய்களிலும் எலி பிடிப்பதிலுமே பொழுதைக் கழிப்பதாகவும், தனக்கும் குடும்பத்துக்கும் அவமானம் தேடித் தருவான் என்றும் ஒருமுறை கடிந்துகொண்டார். அந்தச் சொல் மகன் மனத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தங்கியது. 1876இல் தன்வரலாறு எழுதியபோதும் அதை மறவாமல் பதிந்தார். தாம் அறிந்தவர்களில் தந்தையே மிக அன்பானவர் என்றும், சினத்தில் சற்று அநியாயமாகச் சொல்லிவிட்டார் என்றும் உடனே சேர்த்துக்கொண்டார்.

ராபர்ட்டைக் கொடியவராகக் காட்டுவது பிழையாகும். மகனை எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பினார். அது பிடிக்காமற்போனபோது கேம்பிரிட்ஜுக்கு மாற்றினார். பீகிள் கப்பல் பயணத்தை முதலில் மறுத்தாலும், மைத்துனர் ஜோசையா வெட்ஜ்வுட் எடுத்துச் சொன்னதும் ஒப்புக்கொண்டு செலவையும் ஏற்றார். ஆனால் மகனுடைய விருப்பத்தில் தாமும் பங்குகொள்ளும் மகிழ்ச்சி அவருக்கு வாய்க்கவில்லை. அவர் 1848 நவம்பரில் இறந்தார். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன் பிறந்த பேரன்தான் வண்டு பிடித்த பிரான்சிஸ்.

1858

டார்வினும் மனைவி எம்மாவும் 1842இல் டவுன் ஊரில் குடியேறினர். பத்துப் பிள்ளைகள் பிறந்தனர். எழுவரே வளர்ந்து ஆளாயினர். மூத்த மகள் ஆனி 1851இல் பத்து வயதில் இறந்தாள். அந்தத் துயரம் டார்வினை வாழ்நாள் முழுதும் விட்டு அகலவில்லை.

1858 ஜூன் மாதம் இன்னொரு கடுமையான காலம். இயற்கைத் தேர்வுக் கொள்கையைத் தாமே தனித்துக் கண்டறிந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸின் கடிதம் அம்மாதம் வந்து சேர்ந்தது. இருபது ஆண்டு உழைப்பின் முதன்மை பறிபோய்விடும் நிலை. அதே நாள்களில் வீட்டில் ஸ்கார்லட் காய்ச்சல் புகுந்தது. கடைக்குட்டி சார்லஸ் வாரிங் ஜூன் 28ஆம் நாள் இறந்தான். அவனுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. ஜூலை 1ஆம் நாள் லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வின், வாலஸ் இருவரின் கட்டுரைகளும் வாசிக்கப்பட்டபோது டார்வின் அங்கே செல்லவில்லை.

அந்த ஆண்டின் நவம்பர் 13ஆம் நாள் அவர் தம் பழைய தோழர் ஃபாக்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் மூன்றாவது மகன் வண்டு சேர்க்கத் தொடங்கியிருப்பதைப் பார்த்துப் பழைய நாள்கள் நினைவுக்கு வருவதாக அதில் தெரிவித்தார். பையன் பிடித்தவற்றுள் ஒன்று, கேம்பிரிட்ஜ் பக்கத்துச் சதுப்பு ஏரியில் இருவரும் தேடி அலைந்த நாள்களை நினைவூட்டும் வெடிவண்டு. இன்னொன்று லிசினஸ் என்னும் வகை. அது டார்வினே தம் வாழ்நாளில் பிடித்திராதது. அதைப் பார்த்ததும் பழைய ஆவேசத்தில் தம் இரத்தம் கொதித்ததாக எழுதினார்.

மகன் தன்னை மிஞ்சிவிட்டான் என்பதை அவர் மறைக்கவில்லை. அதைத்தான் முதலில் சொல்லவேண்டிய செய்தியாக நினைத்தார். அதையும் யாருக்கு எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது. லிசினஸின் அருமை ஃபாக்ஸுக்குத் தெரியும். ஊராருக்கு அது வெறும் கறுப்பு வண்டு.

பிடிபட்ட வண்டுகள்

வெடிவண்டு விரல் நகத்தளவே இருக்கும். எதிரி நெருங்கினால் அதன் வயிற்றில் தனித்தனி அறைகளில் உள்ள வேதிப்பொருள்கள் கலந்து, கொதிநீர் அளவு வெப்பத்தில், சிறு வெடியோசையுடன் பின்புறமாகச் சீறிப் பாயும். பத்து வயதுச் சிறுவனை ஈர்க்க இதைவிட என்ன வேண்டும்?

இதழில் வந்த மூன்றில் முதலாவது லிசினஸ். அது நத்தைகளைத் தின்னும் தரை வண்டு. கென்ட் பகுதியின் சுண்ணாம்பு நிலம் நத்தைகளுக்கு ஏற்றதாகையால் அங்கே அதற்கு இரை கிடைக்கும். இரண்டாவது க்ளைட்டஸ் எனப்பட்ட நீள்கொம்பு வண்டு. பட்டுப்போன மரத்தில் வளர்வது. மூன்றாவது பனாஜியஸ், கறுப்பு உடலில் செந்நிறத் திட்டுகள் கொண்டது. லண்டனிலிருந்து 15 மைல் தொலைவுக்குள் இவை கிடைத்தன என்பதே குறிப்பின் சிறப்பு.

சிறுவர் பெயரில் வந்தாலும் அதை எழுதிக் கொடுத்தவர் தந்தையே என்று டார்வின் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பெற்றோரே மாதிரி செய்து, பிள்ளை கையில் கொடுத்து அனுப்புவதை அறிந்தவர்களுக்கு இது சற்று உறுத்தலாம். வேறுபாடு உண்டு. இங்கே வண்டுகளைத் தேடியவர்களும் பிடித்தவர்களும் பிள்ளைகள். தந்தை செய்தது எழுத்தர் வேலை. டார்வின் தம் பெயரை அதில் சேர்த்திருந்தால் இதழாசிரியருக்கு அது இன்னும் மதிப்புள்ள குறிப்பாக இருந்திருக்கும். அவர் சேர்க்கவில்லை. ஸ்டீவன்ஸின் நூலில் தம் பெயரைக் கண்டு மகிழ்ந்து சரியாக முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அதே இன்பத்தைப் பிள்ளைகள் பத்து வயதிலேயே அடையட்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம்.

வீடே ஆய்வுக்கூடம்

டவுன் வீட்டில் பிள்ளைகளின் விளையாட்டும் தந்தையின் ஆராய்ச்சியும் ஒன்றோடொன்று கலந்திருந்தன. 1846 முதல் எட்டு ஆண்டுகள் டார்வின் கொட்டலசு எனப்படும் ஓட்டுயிர்களை அறுத்துப் பார்ப்பதிலேயே கழித்தார். எல்லா அப்பாக்களும் அதைத்தான் செய்வார்கள் என்று நினைத்த பிள்ளைகளுள் ஒருவர், அண்டை வீட்டுக்காரர் தம் கொட்டலசு வேலையை எந்த அறையில் செய்கிறார் என்று கேட்டதாக ஒரு செய்தி வழங்குகிறது.

தோட்டத்தில் ஆண் பம்பிள் தேனீக்கள் ஒரே வழித்தடத்தில், குறிப்பிட்ட சில இடங்களில் நின்று ரீங்கரித்துச் செல்வதை டார்வின் கவனித்தார். ஒருவரால் பின்தொடர இயலாது. ஆகவே ஐந்தாறு பிள்ளைகளை ஆளுக்கோர் இடத்தில் நிறுத்தினார். தேனீ வந்ததும் அந்தப் பிள்ளை கூவ, அடுத்த பிள்ளை ஆயத்தமாகும். அப்படியே அதன் பாதை முழுதும் கண்டறியப்பட்டது. பிள்ளைகளுக்கு அது ஓட்டப் பந்தயம். அவருக்குக் குறிப்பேட்டில் ஒரு பக்கம்.

'உயிரினங்களின் தோற்றம்' நூலின் கையெழுத்துப் படியில் சில தாள்களே எஞ்சியுள்ளன. அவற்றில் ஒன்றின் பின்புறத்தில், காய்கறிகளின் மேல் ஏறிப் போரிடும் வீரர்களைப் பிள்ளைகள் வரைந்திருக்கிறார்கள். கையெழுத்துப் படியைத் தாள் பஞ்சத்துக்கு உதவிய பழந்தாளாகவே அந்த வீடு கருதியது. பிள்ளைகள் கிறுக்கியதால் பிழைத்த தாள்களும் அவற்றுள் உண்டு.

பெண் மக்கள் ஹென்ரியட்டா, எலிசபெத் இருவரின் பெயரும் வண்டுக் குறிப்பில் இல்லை. ஆண் மக்கள் பள்ளிக்கும், அவர்களுள் பெரும்பாலோர் கேம்பிரிட்ஜுக்கும் அனுப்பப்பட்டனர். பெண்களுக்கு வீட்டுப் பாடமே. ஹென்ரியட்டா பின்னர் 'மனிதனின் தோற்றம்' (1871) நூலின் படிகளைச் செம்மைப்படுத்தித் தந்தார். அந்தத் திறமைக்கு முன்கூட்டியே வாய்ப்பளிக்க அக்காலம் இடந்தரவில்லை. தந்தையும் அக்காலத்தைத் தாண்டிச் செல்லவில்லை.

பின்னாளில்

மூவரில் ஒருவர்கூட வண்டு ஆய்வாளர் ஆகவில்லை. லெனார்ட் படைப் பொறியாளராகி, 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் படம் பிடிக்க நியூசிலாந்து சென்றார். ஹோரஸ் நுண்கருவிகள் செய்வதில் வல்லவரானார். கேம்பிரிட்ஜில் அறிவியல் கருவிகள் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். மண்புழுக்களின் உழைப்பால் தரையில் கிடக்கும் கல் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை அளக்கத் தந்தைக்கு ஒரு கருவியும் அமைத்துக் கொடுத்தார்.

பிரான்சிஸ் மருத்துவம் படித்தார், தொழில் செய்யவில்லை. 1876இல் மனைவி மகப்பேற்றின்போது இறந்ததும் கைக்குழந்தையோடு டவுன் வீட்டுக்குத் திரும்பினார். அதன்பின் தந்தை இறக்கும் வரை, 1882 வரை, அவருக்கு உதவியாளராக இருந்தார். இருவரும் சேர்ந்து புல் முளைகளின் நுனியை மூடியும் திறந்தும் சோதித்து, ஒளியை உணர்வது முளையின் நுனி என்றும், வளைவது அதற்குக் கீழுள்ள பகுதி என்றும் காட்டினர். தாவர வளர்ச்சி ஊக்கியான ஆக்சின் பின்னாளில் கண்டறியப்பட்டதற்கு இச்சோதனையே தொடக்கம். 1880இல் வெளிவந்த அந்நூலின் முகப்பில் பிரான்சிஸின் துணையோடு எழுதப்பட்டது என்று டார்வின் அச்சிடச் செய்தார். மண்புழுக்களுக்குக் காது கேட்குமா என்று பார்க்க, பசூன் என்னும் பெரிய ஊதுகருவியை அவற்றின் அருகே வாசித்ததும் பிரான்சிஸே என்பர். புழுக்கள் சிறிதும் பொருட்படுத்தவில்லை.

டார்வின் தன்வரலாற்றைப் பிள்ளைகளுக்காகவே எழுதினார். வெளியிடும் எண்ணத்துடன் அன்று. உடல்நலம் தவிர வேறெதிலும் நீங்கள் எனக்கு ஒரு நிமிடக் கவலைகூடத் தந்ததில்லை என்ற பொருளில் அதில் அவர்களிடம் நேரடியாகப் பேசுகிறார். அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது கூட விளையாடிய நாள்கள் இனி வாரா என்று பெருமூச்சும் விடுகிறார். ராபர்ட்டின் கடுஞ்சொல், வாயில் போட்ட வண்டு, ஸ்டீவன்ஸின் நூலில் கண்ட தன் பெயர் ஆகிய மூன்றும் அதே ஏட்டில் உள்ளன. 1887இல் அதைத் தொகுத்து அச்சுக்குக் கொடுத்தவர் லிசினஸைப் பிடித்த மகன் பிரான்சிஸ்.